ஈரப்பதம்

பதினேழு.
அதற்கு மேல் கருவி காட்டினால்
"காயப் போடுங்க" என்பேன்.
பதினொரு வருஷமாக என் வாயில்
வேறு சொல் அதிகம் வந்ததில்லை.
நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரம்
நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
நான் அதன் பட்டியல் எழுத்தர்.

சம்பா குவிந்து கிடந்த தை மாதத்து இரவு,
இரண்டு மணிக்கு
வலது கால் பெருவிரலுக்குள் யாரோ
குத்தூசி விட்டு மாதிரி எடுத்தார்கள்.
போர்வை நுனி பட்டால் அலறினேன்.
மின்விசிறிக் காற்றுகூடக் கனத்தது.
செந்தாமரை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு
"பூச்சி எதோ கடிச்சிருக்கு" என்றாள்.

மறுநாள் சீட்டு வந்தது.
யூரிக் அமிலம் எட்டு புள்ளி ஒன்பது.
ஆறுக்குக் கீழே இருக்கணும் என்றார் டாக்டர் ஃபரிதா.
முதல்முறையாக
என் குவியலை ஒருவர் திருப்பி அனுப்பினார்.

நேற்று என்ன சாப்பிட்டீங்க?
நேற்றா?
லோடு ஏற்றிய களைப்பில் கலியமூர்த்தி வாங்கிவந்த பீர்,
தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு.
முந்தாநாள் வலங்கைமான் காதுகுத்தில்
ஆட்டு ஈரல், சுவரொட்டி,
அதை இறக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு கலர், இல்லை, ரெண்டு.
அவர் எழுதிக்கொண்டே போனார்,
நான் கழிவு எழுதுகிற மாதிரி:
கருக்காய் இவ்வளவு, பதர் இவ்வளவு, கல் மண் இவ்வளவு.

தண்ணி?
பகலெல்லாம் ஒரு சொம்பு.
எங்கள் நிலையத்தில் கழிப்பறை கிடையாது, டாக்டர்.
"மூணு லிட்டர்" என்றார், தலை நிமிராமல்.

நெல்லைக் காய வை, உன்னை நனை.
பேருந்துப் படியில் இறங்கத் தெரியாமல்
ஒற்றைக் காலில் நின்றபோது அது தோன்றியது.
பின்னால் நின்றவர்
"காலையிலேயே ஏத்திட்டாரு" என்றார்.

ஊர் ஆளுக்கொரு மருத்துவம் சொன்னது.
தக்காளியை நிறுத்து. பருப்பை நிறுத்து.
மாத்திரையைத் தொடாதே, கிட்னி போயிடும்.
டாக்டரம்மா சிரித்தார்:
பருப்பு தின்னுங்க, மோர் குடிங்க.
மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

நான் வேலைக்குப் போன பிறகுதான்
செந்தாமரை கருவாடு வறுக்கிறாள்.
தெரியும்.
சாயங்காலம் சமையல்கட்டுச் சன்னல்
காட்டிக்கொடுத்துவிடும்.
நான் எதுவும் கேட்பதில்லை.

மாசியில் ஒருநாள்
"ஒண்ணே ஒண்ணுதான்" என்று கலியமூர்த்தி நீட்டினான்.
மூன்று நாள் ஐஸ் ஒத்தடம்.
நாலாம் நாள் காலைச் சாக்கின்மேல் வைத்துக்கொண்டு
அஞ்சம்மாளின் நெல்லுக்குக் கருவி வைத்தேன்.
ஒன்பது ராத்திரி தார்ப்பாயோடு படுத்திருந்தவள்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
காய... என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பெருவிரலுக்காகப் பிளேடால் வெட்டிய செருப்பு.
"ஒனக்கு எவ்வளவுய்யா காட்டுது?"
ஏழு புள்ளி நாலு.
"எம்புட்டு இருக்கணும்?"
ஆறு.
"அப்ப ஒன்னையும் எடுக்க மாட்டாங்க" என்றாள்.
சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.
நானும்தான். சிரித்தால் விரல் வலித்தது.

மழை பிடித்துக்கொண்டால்
நெல்லுக்குத் தளர்வு ஆணை வரும்.
டெல்லியிலிருந்து குழு வந்து
கையில் அள்ளிப் பார்க்கும்,
பதினேழு பத்தொன்பதாகும்.
விரலுக்கு அப்படி எவனும் ஆணை போடுவதில்லை.
அவள் நெல்லை அன்று எடுக்கவில்லை.
மறுநாள் வெயிலில் எடுத்தேன்.
அந்த ஒரு நாளுக்கு
அவள் என்னை மன்னித்தாளா, தெரியாது.

இப்போது தராசுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கேன்.
நாற்பது மூட்டைக்கு ஒரு டம்ளர்.
கலியமூர்த்தி கணக்கு வைத்துக் கத்துகிறான்,
"சார், தண்ணி!"
அவன் சொன்னால் இப்போது அர்த்தமே வேறு.
கடைசியாகப் பார்த்தது ஆறு புள்ளி மூணு.

குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா.
வாய்க்கால் மதகு தாண்டி
கருவேலங்காடு வரை போய்வர வேண்டும்,
நாளைக்கு ஏழெட்டுத் தடவை.
நடக்கவும் சொல்லியிருக்கிறார் டாக்டர்.